இரண்டும் இல்லாத எலி

எலியைக் கையில் எப்படிப் பிடிப்பது, ஒரு கூண்டில் எத்தனை விடலாம், ரத்தம் எடுக்க எந்த ஊசி என்பதையெல்லாம் சொல்லித்தர ஆய்வக எலிகள் பற்றிய இந்தப் பயிற்சியில் ஆள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லுவார்கள். என்னை அழைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். உட்கார்ந்து பேச நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், நான் நடந்துகொண்டேதான் பேசுவேன். வேலையில் இருந்தபோதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. இப்போது சொல்லப்போகும் விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் முடிவதில்லை.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். தேனியிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் தசை நோய் ஆய்வுப் பிரிவில் பல வருடம் இருந்தேன். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுவார்கள். அது படித்து வாங்கிய பட்டம். நாடி பிடித்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை. இந்த வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எங்களிடம் இருந்த எலிகளுக்கு ஒரு மரபணு கிடையாது. அந்த மரபணு செய்ய வேண்டிய புரதம் டிஸ்ட்ரோபின். தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் தசை இழையின் மேலுறை கிழியாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகள் சின்ன வயதிலேயே அடிக்கடி விழுவார்கள். படி ஏற முடியாது. பிறகு நடை போய்விடும். அதற்கும் பிறகு மூச்சும் இதயமும் தளரும். அதே குறையோடு பிறந்த எங்கள் எலிகளோ கூண்டுக்குள் ஓடின, கம்பியில் தொங்கின, குட்டி போட்டன.

என்னிடம் ஆய்வு செய்ய வந்திருந்தவன் தங்கப்பாண்டி. கெங்குவார்பட்டிப் பையன், விவசாயக் குடும்பம். கெட்டிக்காரன். கெட்டிக்காரர்களுக்கே உரிய அவசரமும் உண்டு. ஒருநாள் நுண்ணோக்கியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இதுக்கு ஒண்ணுமே ஆகல மேடம். ஒண்ணுமே ஆகலன்னு எழுதிக் குடுத்தா எவன் பட்டம் குடுப்பான்?"

"வேலை நடக்குதுல்ல?" என்றேன். "செய்ய வேண்டிய ஆளு இல்ல, ஆனா வேலை நடக்குது. அப்ப வேற யாரோ செய்யுறாக. அது யாருன்னு தேடு."

தேடினான். டிஸ்ட்ரோபினுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு, உட்ரோபின் என்று பெயர். கருவில் இருக்கும்போது தசை இழையைச் சுற்றி அதுதான் நிற்கும். பிறகு அண்ணனான டிஸ்ட்ரோபின் வந்ததும் ஒதுங்கி, நரம்பு வந்து தசையைத் தொடும் இடத்தில் மட்டும் இருக்கும். எங்கள் எலிகளின் தசையை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது அந்தத் தம்பி ஒதுங்கிய இடத்தை விட்டு வெளியே வந்து, இழையைச் சுற்றி வளையமாக நின்றது. பெரிய ஊர் ஆய்வகங்கள் இதை முன்பே கண்டு எழுதிவிட்டன. இருந்தாலும் சொந்தக் கண்ணால் பார்ப்பது வேறு. தங்கப்பாண்டி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களைப் பிடித்தது அந்தப் பரபரப்பு. தம்பியை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரவழைத்தால் மனிதப் பிள்ளைகளையும் நிற்க வைக்கலாமே என்று. மலைப்பக்கம் விளையும் ஒரு செடியின் சாற்றைத் தங்கப்பாண்டி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தான். செடியின் பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே யாராவது பிடுங்கப் போவார்கள். சாறு குடித்த எலிகள் கம்பியில் கூடுதல் நேரம் தொங்கின. தசையில் அந்த வளையமும் பளிச்சென்று தெரிவதாக எங்களுக்குத் தோன்றியது.

எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். எங்கள் பிரிவுத் தலைவர் மட்டும் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். உத்தமபாளையத்துப் பக்கம் வயல் உள்ளவர். அதிகம் பேசமாட்டார்.

"சாறு உட்ரோபின் வழியாத்தான் வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்றீக?" என்று கேட்டார்.

"வளையம் கூடியிருக்கே சார்," என்றான் தங்கப்பாண்டி.

"மடைய அடைச்சுப் பாத்தீகளா? மடைய அடைச்ச பிறகும் வயல் நனைஞ்சா, தண்ணி வேற வழியா வருதுன்னு அர்த்தம்."

மடையை அடைப்பது என்றால் இரண்டு புரதமும் இல்லாத எலியில் சாற்றைக் கொடுத்துப் பார்ப்பது. உட்ரோபினே இல்லாத உடம்பில் உட்ரோபினைக் கூட்டும் மருந்து எதையும் செய்யக் கூடாது. செய்தால் நம் கணக்கு தப்பு. ஆனால் அப்படிப்பட்ட எலிகள் லேசில் கிடைக்காது. தம்பி மட்டும் இல்லாத எலிக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அண்ணன் இருக்கிறதே. இரண்டு வம்சத்தையும் கலந்து, பிறக்கும் குட்டிகளில் இரண்டும் இல்லாதவற்றைப் பொறுக்கியெடுக்க வேண்டும். அவை வெகு சில. முதுகு வளைந்து, பின்கால் இழுத்து, சின்ன வயதிலேயே செத்துப்போகும். மற்ற எலிகளுக்கு வராத நோய் இவற்றுக்கு அப்படியே வரும், பிள்ளைகளுக்கு வருவதுபோல.

காத்திருக்க வேண்டும் என்று முடிவானது. காத்திருக்க முடியாதவன் தங்கப்பாண்டி. அவனுடைய மாமன் மகன் ஒரு செய்தித்தாளுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புகிறவன். பேச்சுவாக்கில் இவன் சொன்னது, தசை நோய்க்குத் தேனியில் மருந்து என்று வெளிவந்துவிட்டது.

மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. மயிலாடும்பாறையிலிருந்து ஒரு தாய், இரண்டு பஸ் மாறி, பெரிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மருந்து இல்லை என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தேன்.

அந்த வாரத்தில்தான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ராமராஜ் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். கூடவே மனைவி ஈஸ்வரி, மகன் விக்னேஷ். ஆரம்பப் பள்ளியில் படிக்கிற வயது. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த எலியைப் பார்க்க வேண்டும் என்றார். சோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினேன். ஒற்றை மரபணு இல்லாத எலி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எம் பையனுக்கு இருக்குற அதே குறைதானா இதுக்கும்?"

"அதே குறைதான்."

"பொறகு எப்படி டாக்டரம்மா தொங்குது?"

எத்தனையோ கருத்தரங்குகளில் இதே கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறேன். அங்கே நாக்கு தடுமாறியதில்லை.

"உங்க பந்தல்ல ஒரு கல்லுக்கால் சாஞ்சா என்ன ஆகும்?"

"பக்கத்துக் கால்ல கம்பி நிக்கும். கொஞ்சம் தொய்யும். உடனே விழுந்துராது."

"எலிக்குப் பக்கத்துக் கால் பலமா நிக்குது."

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "எம் பையனுக்குப் பக்கத்துக் கால் இல்லையா?"

"இருக்கு. ஆனா எலிக்கு நிக்கிற அளவுக்கு நிக்கல. எலி உடம்பு எம்புட்டு, அவன் உடம்பு எம்புட்டு. பாரம் கூட."

உள்ளே எலி கம்பியை விட்டு மெத்தை போட்ட தொட்டியில் விழுந்தது. தரையில் உட்கார்ந்திருந்த விக்னேஷ் சிரித்தான். "விழுந்துருச்சுப்பா. உடனே எந்திரிச்சிருச்சு," என்றான். பிறகு அவனும் எழுந்தான். முதலில் குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, முட்டியைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே கைகளால் ஏறி நின்றான். எங்கள் பாடப்புத்தகங்களில் இதற்குப் படம் உண்டு. தங்கப்பாண்டி அன்றுதான் நேரில் பார்த்தான். அவன் முகத்தை நான் கவனித்தேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போது பிடிபடவில்லை.

"அந்தக் காலப் பலப்படுத்துற மருந்துதான பேப்பர்ல வந்திருக்கு?" என்றார் ராமராஜ்.

"அப்படின்னு நெனைக்கிறோம். இன்னும் உறுதியாத் தெரியல."

"எப்பத் தெரியும்?"

"சொல்ல முடியல."

"தை மாசம் மாடி ஏறுனான் டாக்டரம்மா. இப்ப ஏறல. நீங்க தெரிஞ்சுட்டு வர்றதுக்குள்ள இவனுக்கு நட போயிரும். எது ஆனாலும் எம் பொறுப்பு. எழுதிக் குடுக்குறேன்."

"பொறுப்பு உங்களோடதா இருக்கலாம். உடம்பு அவனோடது," என்றேன்.

ஈஸ்வரி முன்னால் வந்தார். கணவரின் கையைத் தொட்டு, "வாங்க, போவோம். இல்லேங்குறாகள்ல," என்றார். போனார்கள்.

இரண்டும் இல்லாத எலிகள் சோதனைக்குப் போதுமான அளவு சேர்ந்தபோது நானும் தங்கப்பாண்டியும் சேர்ந்தே வேலையை முடித்தோம். எது சாறு குடித்த எலி, எது வெறும் தண்ணீர் குடித்தது என்று எங்களுக்கே தெரியாதபடி பிரிவுத் தலைவர் அடையாளத்தை மாற்றி வைத்திருந்தார். கடைசியில் அவர் வந்து பிரித்துச் சொன்னார். சாறு குடித்தவை இங்கேயும் கூடுதல் நேரம் தொங்கியிருந்தன.

மடை அடைத்திருந்தது. வயல் நனைந்திருந்தது.

நான் கூண்டுகளைப் பார்த்தேன். சாறு குடித்த எலிகளின் தண்ணீர்ப் புட்டி மட்டும் சீக்கிரம் காலியாகியிருந்தது. கீழே உமியெல்லாம் ஈரம். அப்போதுதான் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இந்த நோய்க்கு மருத்துவமனைகளில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். தசையின் அழற்சியை அடக்கி நடையைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கும். கூடவே தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். இந்தச் சாறு அதைத்தான் செய்கிறது, அல்லது உடம்பில் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை அளவு மீற வேலை செய்ய வைக்கிறது. தம்பிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஏற்கனவே மாத்திரை திங்குற பிள்ளைக்கு இதையும் குடுத்தா என்னாகும் தெரியுமா?" என்று பொதுவாகத்தான் சொன்னேன். "ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்துல உப்பு அளவு கெடும். இதயம் ஏற்கனவே பலவீனம்."

தங்கப்பாண்டி குறிப்பேட்டை மூடி வைத்தான்.

"மேடம், நான் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"காமயகவுண்டன்பட்டிப் பையனுக்கு. அவுக அப்பா திரும்ப வந்தாக. நீங்க மதுரைக்குப் போயிருந்தீக. ஒரு கேன்ல குடுத்துவிட்டேன்."

நான் கத்தவில்லை. கத்துவதற்கு நேரம் இல்லை என்பதுதான் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் யார் செய்தது என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு, எப்போதிலிருந்து, இன்னும் போகிறதா என்பவைதான் முதல் கேள்விகள். அவற்றைக் கேட்டேன். பதில் நன்றாக இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா," என்றேன்.

கல்லூரி ஜீப் வெளியே போயிருந்தது. அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. பஸ்ஸில் ஏறினோம். அந்தப் பஸ் சின்னமனூரில் நின்றது, கிளம்புவதாகத் தெரியவில்லை. இறங்கி வேறு பஸ் பிடித்தோம். உத்தமபாளையத்தில் பார்த்தால், நாங்கள் இறங்கிவிட்ட அந்த முதல் பஸ்ஸே எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. உட்கார இடம் இருந்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவன் எந்திரிச்சதப் பாத்தீகள்ல மேடம்," என்றான் தங்கப்பாண்டி. "அதுக்குப் பொறகு எனக்கு எதுவும் ஓடல. காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

"எனக்கும்தான் வரல. ஆனா சொன்னேன்."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஊருக்குள் போனோம்.

நான் எதிர்பார்த்தது படுக்கையில் கிடக்கும் பிள்ளையை. கதவருகில் நின்றுகொண்டிருந்தான் விக்னேஷ், சுவரை ஒரு கையால் பிடித்தபடி. எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஈஸ்வரி உள்ளிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க டாக்டரம்மா. நல்லா சாப்புடுறான். நேத்து பந்தல் வரைக்கும் நடந்து போனான். நீங்க நல்லா இருக்கணும்."

என் முப்பது வருட வேலையில் இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் செய்ததில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று ஒருவரிடம் சொல்லிவிடலாம். வேலை செய்கிறது, ஆனாலும் நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? அவன் முகம் உப்பியிருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். சாயங்காலமானால் வலிக்கும் என்றான். மதுரையில் இவனைப் பார்க்கும் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை போகிறதா என்று கேட்டேன். அதுவும் போகிறது என்றார் ஈஸ்வரி.

ராமராஜ் தோட்டத்திலிருந்து வந்தார். சொன்னேன்.

"நல்லா இருக்குறத நிறுத்தச் சொல்றீக."

"ஆமா."

"இது கெடுதல்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது. நாங்க நெனச்ச மருந்து இது இல்லன்னு மட்டும் இன்னைக்குத்தான் தெரியும். அவன் காலு வீங்கியிருக்கு. டாக்டர்கிட்டக் காட்டணும், இப்பவே."

"அன்னைக்கும் தெரியலன்னீக. இன்னைக்கும் தெரியலங்குறீக. தெரியாதவுக எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

தங்கப்பாண்டி முன்னால் வந்தான். "குடுத்தது நாந்தாண்ணே. தப்பா நெனச்சுக் குடுத்துட்டேன். பக்கத்துக் கால இது பலப்படுத்தல. மேடத்துக்குத் தெரியாது. வையுறதுன்னா என்னைய வைங்க."

ராமராஜ் அவனை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் திரும்பி மகனைப் பார்த்தார். "ஏலே, தல வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"சொன்னா நிறுத்திருவீகன்னுதான்ப்பா," என்றான் விக்னேஷ்.

ஈஸ்வரி பிள்ளையின் சட்டையை மாற்ற ஆரம்பித்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கம்பத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். ரத்த அழுத்தம் பார்த்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்தார். இதயத்தைப் படம் எடுத்தார். சாற்றை அன்றே நிறுத்தச் சொன்னார். மாத்திரை அளவை மதுரை டாக்டரிடம் பேசி மாற்றினார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பது மறுநாள் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதயம் நின்றிருக்கலாம் என்று அவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

வீக்கம் வடிந்தது. தலைவலி போனது. கூடவே பந்தல் வரைக்கும் நடந்த நடையும் போனது. அடுத்த முறை நான் பார்க்கப் போனபோது ராமராஜ் வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா எம் பையன் இன்னும் நடந்துட்டு இருந்திருப்பான்," என்றார்.

அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தகப்பன் மகன் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். நான் சொல்வதோ நடக்காத ஒன்றை. திரும்பி வந்துவிட்டேன்.

தங்கப்பாண்டியை என்ன செய்வது என்ற கேள்வி என் மேசைக்கு வந்தது. துரத்திவிடுங்கள் என்றார்கள் சிலர். நடந்தது முழுவதையும் நன்னெறிக் குழுவிடம் சொன்னோம், அவனே எழுந்து நின்று சொன்னான். சில மாதம் அவன் வேலை நிறுத்தப்பட்டது. பேப்பரில் மறுப்பு வர மாமன் மகனோடு சண்டை போட்டு வாங்கி வந்தான். அது யார் கண்ணிலும் படாத மூலையில் வந்தது. பிறகு அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். இரக்கத்தால் இல்லை. ஒரு பிள்ளையின் வீங்கிய காலைப் பார்த்தவன் இனி மடையை அடைக்காமல் எந்த வயலையும் நம்பமாட்டான் என்பதால்தான். நான் நினைத்தது சரியாக இருந்தது. ஆனால் அது தப்பாகப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆளைப் பற்றிய முடிவுக்கு அடையாளம் மறைத்த சோதனை கிடையாது.

சில வருடம் கழித்து ஒரு காலையில் ராமராஜ் எங்கள் வாசலில் வந்து நின்றார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். விக்னேஷுக்கு அரும்பு மீசை. பள்ளியில் மரபணுப் பாடம் நடத்தியிருக்கிறார்கள், அதிலிருந்து இங்கே வர வேண்டும் என்று நச்சரித்திருக்கிறான். ராமராஜ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொங்குற எலி வேணாம்," என்றான் விக்னேஷ். "ரெண்டும் இல்லாத எலி இருக்காம்ல. அதக் காட்டுங்க."

கைகழுவி, உறை மாட்டி, ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வந்தேன். வளைந்த முதுகு. பின்கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகக் கிடந்தன. அவனால் கையைத் தூக்க முடியவில்லை என்பதைக் கவனித்து, என் கையை அவன் மடிக்குத் தாழ்த்தினேன். அவனுக்கும் ஓர் உறை மாட்டிவிட்டிருந்தேன். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டான்.

"இதுக்கு எப்படி ரெண்டுமே இல்லாமப் போச்சு?"

"நாங்கதான் அப்படிப் பெறக்க வச்சோம்."

"எதுக்கு?"

"ஒண்ணு மட்டும் இல்லேன்னா இன்னொண்ணு தாங்கிக்கிரும். ரெண்டும் இல்லாட்டித்தான் ஒனக்கு வர்ற மாதிரியே வரும். அப்பத்தான் மருந்து நெசமா வேலை செய்யுதான்னு பாக்க முடியும்."

அவன் மறுபடியும் அதன் முதுகை விரலால் தடவினான்.

"அப்ப மருந்து வந்தா மொதல்ல யாருக்குக் குடுப்பீக?"

 

"இதுக்குத்தான்."

"சரி," என்றான். "அதுதான நாயம்."

ராமராஜ் சன்னலை விட்டுத் திரும்பி வந்து என் கையிலிருந்த எலியைக் குனிந்து பார்த்தார்.

"கூண்டுல விட்டுருங்க டாக்டரம்மா," என்றார். "நடுங்குது பாருங்க."